கற்பித்தவர்க்குக் களம் இல்லை: ஆன்றி கோஷேயின் வாழ்வும் காலமும்

டென்னிஸ் ஆடும் மட்டையை ‘ராக்கெட்’ என்கிறோம். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அரபு மொழியில் உள்ளங்கையைக் குறிக்கும் ‘ராஹத்’ என்பதிலிருந்து பிறந்தது என்று சொற்பிறப்பு ஆய்வாளர் ஒரு சாரார் கருதுவர். இதனை மறுப்போரும் உளர். எனினும் முதற்சாராரின் கருத்துக்குத் துணைநிற்கும் செய்தி ஒன்றுண்டு. டென்னிஸின் மூதாதையாக விளங்கிய பழைய பிரெஞ்சு ஆட்டத்தின் பெயரே ‘உள்ளங்கை ஆட்டம்’ என்பதுதான். மட்டை தோன்றுவதற்கு முன்னர் மக்கள் கையாலேயே பந்தை அடித்தாடினர். பின்னர் கையுறை வந்தது. அதன்பின் நரம்பு கட்டிய மட்டை வந்தது. கை மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை.

அந்தப் பழைய ஆட்டத்தின் வரலாற்றில் நாம் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பிரான்சில் பந்தும் மட்டையும் செய்து, ஆடுகளங்களைப் பேணி, ஆட்டத்தையும் கற்பித்துவந்தோர் தமக்கெனத் தனித் தொழிற்குழு அமைத்திருந்தனர். அரசரின் ஆணையால் ஏற்பு பெற்ற குழு அது. மாணவராகச் சேர்ந்து, ஆண்டுகள் பல பயின்று, தேர்ச்சி காட்டியவரே அதில் ‘ஆசான்’ எனும் தகுதி பெற்றனர். பிரபுக்களும் அரசர்களும் இவ்வாசான்களிடம் கூலி கொடுத்துக் கற்றனர். கூலி பெற்றமையால் ஆசானின் திறமைக்கு இழுக்கு நேர்ந்ததாக எவரும் எண்ணவில்லை.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே பிரான்சில், அதே ஆட்டத்தின் வழித்தோன்றலான டென்னிஸில், கூலி பெற்றுக் கற்பித்தவர் பெரும் போட்டிகள் எவற்றிலும் கால்வைக்க இயலாத நிலை உருவாகியிருந்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அது மனிதர்களின் வாழ்வை எவ்வாறு பிளந்தது என்பதை அறிய ஆன்றி கோஷேயின் வரலாறு நமக்கு உதவுகிறது. பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கி, உலகின் முதல்நிலை வீரராக உயர்ந்து, பின்னர்ப் பயிற்சியாளராக மாறியவர் அவர். அவ்விதியின் இரு பக்கங்களிலும் நின்று பார்த்த மிகச்சிலருள் அவரும் ஒருவர்.

கனவான்கள் வகுத்த விதி

புல்வெளி டென்னிஸ் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1874இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்பவர் இவ்வாட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடந்தது. மாளிகைத் தோட்டங்களில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக வளர்ந்த ஆட்டம் இது. எனவே ஓய்வு உடையோரே இதன் விதிகளை வகுத்தனர்.

அக்காலத்து ஆங்கில மேல்வகுப்பார் விளையாட்டு வீரரை இரு கூறாகப் பகுத்தனர். பொருள் கருதாது விருப்பினால் ஆடுபவர் ‘அமெச்சூர்’. ஆட்டத்தால் பிழைப்பவர் தொழில்முறை ஆட்டக்காரர். விருப்பினால் ஆடுதல் என்ற கொள்கை அழகியதே. ஆனால் அது நடைமுறையில் என்ன பொருள் கொண்டது என்பதை 1879இல் ஹென்லி படகுப் போட்டியார் வகுத்த வரையறை வெளிப்படையாகக் காட்டுகிறது. பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் ஆகார் என்றது அது. பிழைப்புக்காக எவ்வகை உடற்பயிற்சியையேனும் கற்பித்தவரும் ஆகார் என்றது. அத்துடன் நில்லாது, கூலிக்கு உழைக்கும் கம்மியர், கைவினைஞர், தொழிலாளர் ஆகியோரும் ஆகார் என்றது. படகு செலுத்தாத ஒரு கொல்லன், கொல்லனாக இருக்கும் ஒரே காரணத்தால் விலக்கப்பட்டான். ஆகவே இவ்வரையறை விளையாட்டின் தூய்மையைக் காத்ததைவிட, ஒரு வகுப்பாரின் வேலியைக் காத்தது என்பதே பொருந்தும்.

டென்னிஸ் சங்கங்கள் தொழிலாளரை இவ்வளவு வெளிப்படையாக விலக்கவில்லை. ஆனால் கற்பித்துக் கூலி பெற்றவரை விலக்கும் பகுதியை அவை உறுதியாகப் பற்றிக்கொண்டன. 1913இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டுப் புல்வெளி டென்னிஸ் கூட்டமைப்பின் ஆட்சி பரவிய இடமெல்லாம் இந்நிலையே நிலவியது. விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலிய வாகையர் போட்டிகளும் டேவிஸ் கோப்பையும் அமெச்சூர்களுக்கே உரியனவாயின. கழகங்கள் பயிற்சியாளரை வேலைக்கு வைத்துக்கொண்டன. உறுப்பினர்கள் அவரிடம் கற்றனர். ஆனால் தம் மாணவர் ஆடும் போட்டியில் அவர் ஆட முடியாது.

லியோன் நகரத்துச் சிறுவன்

ஆன்றி கோஷே 1901 டிசம்பர் 14 அன்று பிரான்சின் லியோன் நகரை ஒட்டிய வில்லூர்பான் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை லியோன் நகரத்து டென்னிஸ் கழகத்தில் பணிபுரிந்துவந்தார். அப்பணியால் மகனுக்குக் கழகத்தின் வாயில் திறந்தது. உறுப்பினர்கள் ஆடும்போது சிறுவன் பந்து பொறுக்கினான். அவர்கள் சென்றபின் வெறுமையாகக் கிடந்த களத்தில் மட்டை பிடித்தான்.

கோஷேயுடன் பின்னாளில் ஒன்றாகப் பேசப்பட்ட மற்ற வீரர்களின் பின்னணியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். ரெனே லகோஸ்த், புகழ்பெற்ற மோட்டார் நிறுவனம் ஒன்றின் உயரலுவலரின் மகன். ழான் பொரோத்ரா, பிரான்சின் தலைசிறந்த பொறியியற் கல்விக்கூடத்தில் பயின்றவர். இவர்கள் இருவரும், ழாக் புருன்யோனும், கோஷேயும் சேர்ந்து ‘நான்கு மஸ்கெட்டியர்கள்’ என்று பிரெஞ்சு மக்களால் கொண்டாடப்பட்டனர். அலெக்சாந்தர் துய்மாவின் நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. கழகப் பணியாளரின் மகன் ஒருவர், பொறியாளருக்கும் செல்வந்தருக்கும் நிகராக அணியில் நின்றார். அமெச்சூர் விதி அதனைத் தடுக்கவில்லை. பந்து பொறுக்கியது குற்றமாகவில்லை. மாறாக, அவர் இளமையில் யாரேனும் ஓர் உறுப்பினருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துச் சில பிராங்குகள் பெற்றிருந்தால், பின்வரும் வரலாறு முழுவதும் நிகழ்ந்தே இராது. இஃது ஊகமன்று. அவ்வாறு நேர்ந்த ஒருவரைப் பின்னர்க் காண்போம்.

1922இல், இருபது வயதில், பிரசெல்ஸில் நடந்த உலகக் களிமண்கள வாகையர் போட்டியில் கோஷே வென்றார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் இறுதியாட்டத்தில் அமெரிக்கரான வின்சென்ட் ரிச்சர்ட்ஸிடம் ஐந்து செட்டுகளில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார்; புருன்யோனுடன் இணைந்து ஆடிய இரட்டையரிலும் வெள்ளியே கிட்டியது. லாஹூரின் முஹம்மத் ஸலீம், ஹைதராபாத்தின் ஸையித் முஹம்மத் ஹாதி ஆகியோர் இந்தியாவின் சார்பில் ஆடியதும் அதே ஒலிம்பிக் டென்னிஸில்தான். டென்னிஸ் அத்துடன் ஒலிம்பிக்கிலிருந்து விலகிச் சென்று, 1988இல்தான் முழுநிலைப் போட்டியாக மீண்டது. யார் அமெச்சூர் என்பது பற்றிய பிணக்கும் அவ்விலகலுக்கான காரணங்களுள் ஒன்று.

மூன்று ஆட்டங்கள்

கோஷேயின் ஆட்டமுறை விளக்கத்துக்கு உரியது. அவர் உயரம் குறைந்தவர். அவருடைய சர்வீஸ் வலிமை மிக்கதன்று. பந்து தரையில் பட்டு எழும் அக்கணத்திலேயே, அது முழு உயரம் எட்டுமுன், அதனைத் திருப்பி அடிப்பதே அவர் தனித்திறன். இதனால் எதிராளிக்குத் தன்னிலைக்கு மீள நேரம் கிடைப்பதில்லை. அவர் பெரும்பாலும் பின்கோட்டுக்கும் வலைக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியில் நிற்பார். எந்தப் பயிற்சியாளரும் தம் மாணவரை ‘அங்கே நில்லாதே’ என்று எச்சரிக்கும் இடம் அது. அங்கு நிற்பவரின் காலடியிலேயே பந்து விழும். பிறர்க்கு இடராகிய அவ்விடத்தைக் கோஷே தமக்கு அரணாக்கிக்கொண்டார்.

1927 விம்பிள்டனில் அவர் பெற்ற வெற்றி இன்றளவும் அவ்வாட்டத்தின் வரலாற்றில் வியந்து பேசப்படுவது. காலிறுதியில் அமெரிக்கரான ஃபிராங்க் ஹண்ட்டரிடம் முதலிரு செட்டுகளை இழந்து, பின்னர் மூன்றையும் வென்றார். அரையிறுதியில் எதிர்நின்றவர் அக்காலத்தின் மாபெரும் வீரர் பில் டில்டன். டில்டன் 6-2, 6-4 என இரு செட்டுகளை வென்று, மூன்றாவதில் 5-1 என முன்னிலை பெற்றிருந்தார். வெற்றிக்கு இன்னும் ஓர் ஆட்டமே தேவை. அந்நிலையில் கோஷே தொடர்ந்து 17 புள்ளிகளை வென்றார். அந்தச் செட் 7-5 என அவர் வசமாயிற்று. அடுத்த இரண்டும் 6-4, 6-3. இறுதியாட்டத்தில் தம் தோழர் பொரோத்ராவிடமும் முதலிரு செட்டுகளை இழந்தார். ஐந்தாம் செட்டில் 2-5 எனப் பின்தங்கி, ஆட்டத்தை முடிக்கும் புள்ளிகள் ஆறினைத் தடுத்து, 7-5 என வென்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டேவிஸ் கோப்பை இறுதி நடைபெற்றது. இரு நாடுகளும் 2-2 என நிகராக நின்றபோது, முடிவை நிர்ணயிக்கும் ஐந்தாம் ஆட்டத்தில் கோஷே, பில் ஜான்ஸ்டனை வென்றார். கோப்பை முதன்முறையாகப் பிரான்சுக்கு வந்தது. அதனைத் தம் மண்ணில் காத்து ஆடுவதற்கென்றே பாரிசில் புதிய அரங்கம் ஒன்று எழுந்தது. முதல் உலகப் போரில் மாண்ட விமானி ரோலண்ட் காரோஸின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1928 முதல் 1931 வரை உலகின் முதல்நிலை வீரராகக் கோஷே கருதப்பட்டார்.

விதி வளைந்த விதம்

அப்புதிய அரங்கில் 1928 ஜூலையில் நடந்த முதல் டேவிஸ் கோப்பை இறுதியை ஒட்டி நிகழ்ந்த ஒரு விவகாரம், அமெச்சூர் விதியின் உள்ளியல்பை நன்கு காட்டுகிறது.

டில்டன் நாளிதழ்களுக்கு எழுதிப் பொருள் பெற்றுவந்தார். தாம் பங்கேற்கும் போட்டியைப் பற்றி எழுதுவது விதிமீறல் என்று கூறி, அமெரிக்கச் சங்கம் அவரை விலக்கிவைத்தது. டில்டன் இல்லாத அமெரிக்க அணியைக் காணப் புதிய அரங்கின் இருக்கைகள் நிறையுமா என்பது பிரெஞ்சுக்காரர்களின் கவலை. செய்தி அரசியல் மட்டத்துக்குச் சென்றது. பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதர் மைரன் ஹெரிக் தலையிட்டார். டில்டன் மீது விதித்த தடை நீங்கியது. அவர் ஆடினார், லகோஸ்தை வென்றார், கோஷேயிடம் தோற்றார். பிரான்சு 4-1 எனக் கோப்பையைத் தக்கவைத்தது. போட்டி முடிந்ததும் டில்டன் மீண்டும் விலக்கப்பட்டார். அவ்வாண்டின் அமெரிக்க வாகையர் போட்டியில் அவர் ஆட இயலவில்லை. அப்பட்டத்தை வென்றவர் கோஷே.

நுழைவுச் சீட்டு விற்க வேண்டியிருந்தபோது விதி வளைந்தது. விற்று முடிந்தபின் நிமிர்ந்துகொண்டது. பல்லாயிரவர் கட்டணம் செலுத்திக் காணும் ஆட்டத்தில் வருவாய் சங்கத்துக்கும் அரங்கத்துக்கும் சென்றது. ஆடியவர் மட்டும் பொருள் வேண்டாதவராக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. செல்வக் குடியில் பிறந்தோர்க்கு இஃது எளிது. பிறருக்குப் பயணச் செலவு என்னும் பெயரில் சங்கங்கள் மறைவாகப் பொருள் தந்தன. பலரும் அறிந்த மறைவு அது.

மார்ட்டின் பிளாவும் ஹன்ஸ் நுஸ்லைனும்

நான்கு மஸ்கெட்டியர்களின் வெற்றிக்குப் பின்னால் ஐந்தாமவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மார்ட்டின் பிளா. தொழில்முறைப் பயிற்சியாளராகிய அவர், டேவிஸ் கோப்பைக்கு ஆயத்தமாகும் பிரெஞ்சு வீரர்களுக்குப் பயிற்சி அளித்தவர். வரவிருக்கும் எதிராளியைப் போல் அவர்களுக்கு எதிரே நின்று ஆடிக் காட்டுவது அவர் பணி. உலகின் முதல்வரோடு நாள்தோறும் ஆடத்தக்க திறமை இல்லாமல் இப்பணி இயலாது. அத்திறமையை அளந்து காட்டும் வாய்ப்பு 1932இல் வந்தது. பெர்லினில் நடந்த தொழில்முறையாளர் போட்டியில், அப்போது தொழில்முறைக்கு வந்துவிட்ட டில்டனைப் பின்னுக்குத் தள்ளிப் பிளா முதலிடம் பெற்றார். ஆயினும் அவர் தம் சொந்த நாட்டின் ரோலண்ட் காரோஸ் வாகையர் போட்டியில் ஆட முடியாதவர்; நாட்டின் டேவிஸ் கோப்பை அணியைப் பழக்கியவராயினும் அதில் இடம்பெற முடியாதவர்.

பயிற்சியாளர்கள் தமக்குள்ளேயே போட்டிகள் நடத்திக்கொண்டனர். 1920களில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் நடந்த பிரிஸ்டல் கோப்பை அவற்றுள் பேர்பெற்றது. செக் நாட்டவர் காரெல் கோஜெலுஹ், ஜெர்மானியர் ரோமன் நாயுஹ், பிளா முதலியோர் அங்கே ஆடினர்.

முன்னர்ச் சுட்டியவாறு, இளமையிலேயே இவ்விதிக்கு இரையானவர் ஜெர்மனியின் ஹன்ஸ் நுஸ்லைன். 1910இல் நியூரம்பெர்க்கில் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே கூலி பெற்று டென்னிஸ் கற்பித்தார் என்ற காரணத்தால் அமெச்சூர் தகுதியை இழந்தார். விம்பிள்டன் வாயில் அவருக்கு என்றென்றும் மூடிற்று. அவர் 1934இல் அமெரிக்கத் தொழில்முறை வாகையர் பட்டத்தையும், 1937, 1938 ஆண்டுகளில் இலண்டன் வெம்பிளியில் நடந்த தொழில்முறைப் போட்டியையும் வென்றார். கோஷேயும் நுஸ்லைனும் எளிய நிலையிலிருந்து எழுந்தவர்களே. ஒருவர் வாழ்வு விம்பிள்டனின் நடுக்களத்துக்கும், மற்றவர் வாழ்வு அதன் வெளிச்சுவருக்கும் சென்று சேர்ந்ததற்குக் காரணம் திறமையில் உள்ள வேறுபாடன்று. ஒருவர் சிறுவயதில் கற்பித்துக் கூலி வாங்கினார், மற்றவர் வாங்கவில்லை.

1933: கோஷே கடந்த எல்லை

கோஷேயின் ஆட்டம் சீரானதன்று. மேதைகள் சிலரிடம் காணப்படும் அசட்டை அவரிடமும் இருந்தது. 1929இல் விம்பிள்டனை வென்ற அவர், 1931இல் அங்கே முதற்சுற்றிலேயே தோற்றார். ஆனால் பிரெஞ்சு வாகையர் பட்டத்தை 1926, 1928, 1930, 1932 என நான்கு முறை வென்றார். டேவிஸ் கோப்பை 1927 முதல் 1932 வரை தொடர்ந்து ஆறு முறை பிரான்சிடமே இருந்தது.

1933 ஜூலையில் அது கைமாறியது. பாரிசில் நடந்த இறுதியில் பிரிட்டன் 3-2 என வென்றது. கோஷே ஃபிரெட் பெர்ரியிடம் ஐந்து செட்டுகளில் தோற்று, பன்னி ஆஸ்டினை ஐந்து செட்டுகளில் வென்றார். அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. மஸ்கெட்டியர்களின் காலம் முடிந்துவிட்டது. அவ்வாண்டிலேயே அவர் அமெச்சூர் தகுதியைத் துறந்து தொழில்முறைக்கு வந்தார்.

அதே 1933இல் நிகழ்ந்த வேறொன்றையும் உடன்வைத்து நோக்குவது தகும். உடல்நலக் குறைவால் 1929இலேயே பெரும் போட்டிகளிலிருந்து விலகிவிட்ட லகோஸ்த், பின்னலாடைத் தொழிலதிபர் ஆந்த்ரே ஜில்லியே என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, முதலைச் சின்னம் பொறித்த சட்டைகளை விற்கத் தொடங்கினார். டென்னிஸ் களத்தில் தாம் பெற்ற ‘முதலை’ என்னும் பட்டப்பெயரையே வணிகச் சின்னமாக்கினார். இதனால் அவருடைய மதிப்புக்குக் குறைவு நேரவில்லை. வணிகம் கனவான்களுக்கு உகந்த தொழில். ஆட்டத்தால் வந்த புகழைச் சட்டையாக்கி விற்பவர் கனவானாகவே இருக்கலாம். ஆட்டத்தையே கற்பித்து விற்பவர் எல்லைக்கு அப்பால் செல்ல வேண்டும். லகோஸ்தின் மேன்மையைக் குறைப்பதற்காக இதனைக் கூறவில்லை. பொருள் ஈட்டுவதை அல்ல, உழைத்துக் கூலி பெறுவதையே அவ்விதி இழிவாகக் கருதியது என்பதற்கு இவ்விருவரின் 1933 சான்றாகிறது.

செப்டம்பரில் பாரிசிலேயே டில்டனும் கோஷேயும் மோதினர். நாற்பது வயதான டில்டன் நேர்செட்டுகளில் வென்றார். 1934 தொடக்கத்தில் அமெரிக்காவில், டில்டனும் எல்ஸ்வொர்த் வைன்ஸும் ஒருபுறமாக, பிரான்சின் சார்பில் இருவர் மறுபுறம் நின்று தொழில்முறைப் போட்டிகளில் ஆடினர். அவ்விருவர் கோஷேயும் மார்ட்டின் பிளாவும். நாட்டின் முதல்நிலை வீரரும் அவரைப் பழக்கிய ஆசிரியரும் பிரான்சின் பெயரால் ஒரே அணியில் ஆடுவதற்கு, வீரர் தம் தகுதியை இழக்க வேண்டியிருந்தது. அவர்கள் அங்கே தோற்றனர்.

ஆசிரியராகக் கோஷே

இதன்பின் கோஷே உலகின் பல பகுதிகளிலும் ஆடியும் கற்பித்தும் வந்தார். ஆட்டத்தைக் கற்பிக்கும் நூல்களும் எழுதினார். 1936இல் பிரெஞ்சுத் தொழில்முறை வாகையர் பட்டத்தை வென்றார்.

அவருடைய பயிற்சிப் பணிகளுள் குறிப்பிடத்தக்கது சோவியத் ஒன்றியத்தில் அவர் ஆற்றியது. 1930களின் பிற்பகுதியில் அவர் அங்குச் சென்று சோவியத் வீரர்களுடன் ஆடி, அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். சோவியத் ஒன்றியம் அப்போது பன்னாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பினராக இல்லை; 1956இல்தான் அது சேர்ந்தது. ஆகவே தொழில்முறையாளர் ஒருவருடன் ஆடினால் தம் வீரர்களின் தகுதி போய்விடுமோ என்ற அச்சம் அங்கில்லை. ஐரோப்பாவின் கனவான் கழகங்கள் வகுத்த எல்லையால் விலக்கப்பட்ட ஒருவரை, அவ்வெல்லையை ஏற்காத நாடு வரவேற்றது. டென்னிஸ் என்பது முதலாளிகளின் ஆட்டம் என்று ஐயுறப்பட்ட நாட்டில், கழகப் பணியாளர் ஒருவரின் மகன் சென்று அதனைக் கற்பித்தார்.

கோஷேயின் ஆசிரியப் பணியில் ஓர் இயல்பான இடரும் இருந்தது. கற்பிப்போர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்க இடர் அது. அவர்தம் ஆட்டத்தின் உயிர் எதுவோ, அது கற்பிக்க இயலாதது. பந்து எழும் கணத்திலேயே அடித்தல் என்பது கண்ணும் கையும் ஒருங்கே இயங்கும் பிறவிக்கூர்மையைச் சார்ந்தது. லகோஸ்தின் முறையோ வேறு. அவர் எதிராளியின் பழக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர். பயிற்சிக்காகப் பந்தெறியும் பொறி அமைத்தவர். உழைப்பால் உருவான அவருடைய ஆட்டத்தை மற்றொருவர் படித்துப் பின்பற்றலாம். கோஷேயைப் பின்பற்ற முயல்பவர் களத்தின் நடுவில் நின்று தோற்பார். தாம் செய்ததை அப்படியே செய் என்று மாணவனுக்குச் சொல்ல முடியாத ஆசிரியர், அடிப்படைகளுக்குத் திரும்பியே ஆக வேண்டும்: கால் வைக்கும் இடம், தோள் திரும்பும் பாங்கு, பந்தின்மீது வைக்கும் கண். சிறந்த ஆட்டக்காரர் எல்லாரும் சிறந்த ஆசிரியர் ஆகாமைக்கும், பிளா போன்றோரின் கலை தனியொரு கலையாக மதிக்கப்பட வேண்டியமைக்கும் இதுவே காரணம். பிளா பிறரைப் போல் ஆடிக் காட்ட வல்லவர். கோஷே கோஷேயைப் போல் மட்டுமே ஆட வல்லவர்.

போரும் அதற்குப் பின்னும்

1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. விஷி அரசில் விளையாட்டுத் துறையின் தலைமை ஆணையராக அமர்ந்தவர் பழைய தோழர் பொரோத்ரா. விளையாட்டில் தொழில்முறையை ஒழிப்பது அவ்வரசின் கொள்கையாயிற்று. பிற விளையாட்டுகளுக்கு மூன்றாண்டுத் தவணை தரப்பட்டது. டென்னிஸிலும் மற்போரிலும் அது உடனே ஒழிக்கப்பட்டது. போர்க்காலத்தில் கோஷே மீண்டும் அமெச்சூராக ஏற்கப்பட்டார். தகுதியை இழந்தவர் அதனைத் திரும்பப் பெற்றமை நன்மைபோல் தோன்றலாம். ஆனால் பயிற்சித் தொழிலுக்கு மதிப்புக் கிடைத்ததால் அன்று, தொழில்முறையே சட்டத்தால் துடைக்கப்பட்ட சூழலில் வந்த மீட்பு அது. பொரோத்ராவும் 1942இல் பதவி இழந்து, அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மன் இரகசியக் காவலரால் கைதுசெய்யப்பட்டு ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

போருக்குப் பின்னும் பழைய எல்லைக்கோடு மாறாது நின்றது. சிறந்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொழில்முறைக்குச் சென்றனர். விம்பிள்டன் அவர்கள் இன்றியே நடந்தது. 1960இல் பாரிசில் கூடிய பன்னாட்டுக் கூட்டமைப்பின் முன், இரு சாராரும் ஒருங்கே ஆடும் போட்டிகளை அனுமதிக்கும் தீர்மானம் வந்தது. ஐந்து வாக்குக் குறைவால் அது தோற்றது. 1967இல் பிரிட்டிஷ் சங்கம் தானே துணிந்து அப்பகுப்பைக் கைவிட முடிவுசெய்தது. வேறு வழியின்றி 1968 மார்ச்சில் பாரிசில் கூடிய கூட்டமைப்பு அதற்கு இசைந்தது. ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் முதல் திறந்தநிலைப் போட்டி நடந்தது. பெரும் வாகையர் போட்டிகளுள் முதலில் அனைவர்க்கும் திறந்தது ரோலண்ட் காரோஸ். கோஷேக்கு அப்போது அறுபத்தாறு வயது.

பல தலைமுறைக் காலம் பல்லோர் வாழ்வை வகுத்த விதி, ஒரு கூட்டத்தின் வாக்கெடுப்பில் முடிந்தது. அதனால் ஆட்டம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் கூறிய காரணங்கள் அனைத்தையும் பொய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெரும்பணம் புகுந்தபின் விளையாட்டில் நுழைந்த கேடுகளை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். பொருளாசையற்ற ஆட்டம் என்னும் இலட்சியத்தை வெறும் வேடம் என்று கூறுவதும் முறையன்று. குறை இலட்சியத்தில் இல்லை. அதன் செலவை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. வருவாயைப் பெற்ற சங்கமோ, சட்டை விற்ற வீரரோ, மறைவாகப் பயணப்படி பெற்றவரோ அதனைச் சுமக்கவில்லை. வெளிப்படையாகக் கற்பித்து, வெளிப்படையாகக் கூலி பெற்றவரே சுமந்தார். ஒளிக்கத் தெரியாத நேர்மைக்கு அந்த அமைப்பு விதித்த தண்டம் என்றும் இதனைக் கூறலாம்.

ஆன்றி கோஷே 1987 ஏப்ரல் 1 அன்று, எண்பத்தைந்தாம் வயதில் காலமானார். 1976இலேயே அமெரிக்காவில் உள்ள டென்னிஸ் புகழ்மண்டபத்தில் நான்கு மஸ்கெட்டியர்களும் ஒருங்கே சேர்க்கப்பட்டிருந்தனர். நுஸ்லைன் பெயர் அம்மண்டபத்தில் சேர 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் 1991இலேயே மறைந்துவிட்டார். ரோலண்ட் காரோஸில் ஆடவர் ஒற்றையரில் வெல்பவருக்கு 1981 முதல் வழங்கப்படும் கோப்பை ‘மஸ்கெட்டியர் கோப்பை’ எனப்படுகிறது. அதனைக் கையில் ஏந்தும் வீரர், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தம் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லி நன்றி கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. மார்ட்டின் பிளாவின் காலத்தில் அந்த வழக்கம் இல்லை.